சுண்டைக்காய் விலையில் ஜெட் விமானம்: குறைந்த பணத்தில் பழைய சிறிய வணிக ஜெட் வாங்குவோருக்கு

அமெரிக்காவின் பழைய விமானச் சந்தையில் 1970களில் கட்டப்பட்ட செஸ்னா சைட்டேஷன் ஜெட் ஒன்றை, ஒரு நடுத்தர வீட்டின் விலைக்கும் குறைவாக, சில லட்சம் டாலருக்கு இன்றும் வாங்கலாம். இரண்டு இன்ஜின், காற்றழுத்தம் காக்கும் கேபின், ஆறு பேர் அமரத் தோல் இருக்கைகள் என விளம்பரம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வது இந்தச் சந்தைக்கு அப்படியே பொருந்தும். அந்த ஜெட்டின் இரண்டு இன்ஜின்களையும் ஓவர்ஹால் செய்ய, அதாவது முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்க, ஆகும் செலவு, விமானத்துக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிடக்கூடும். குறைந்த பணத்தோடு வருபவர் விமானத்தின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், அதில் இன்னும் செலவாகாமல் மீந்திருக்கும் ஆயுள் எவ்வளவு என்பதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. பதினைந்து லட்சம் டாலர் இருக்கிறதென்றால் தேட வேண்டியது பதினொன்று, பன்னிரண்டு லட்சத்துக்குள் முடியும் விமானத்தை. மீதம் முதல் ஆண்டின் பழுதுகளுக்கும், பயிற்சிக்கும், வாங்கும் முன் செய்யும் சோதனைக்கும், மாநில வரிக்கும் தேவைப்படும். பழைய ஜெட்டின் முதல் ஆண்டு பெரும்பாலும் செலவு மிகுந்ததாகவே இருக்கும், ஏனெனில் விற்க முடிவு செய்த உரிமையாளர் தள்ளிப்போடக்கூடிய வேலைகளை எல்லாம் தள்ளிப்போட்டிருப்பார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வீட்டை விற்கப் போகிறவர் வெள்ளையடிப்பாரே தவிர, சுவருக்குள் ஓடும் குழாயை மாற்ற மாட்டார்.

அதன் பிறகு ஆண்டுதோறும் வரும் நிலையான செலவைக் கணக்கிட வேண்டும். ஹாங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) வாடகை, காப்பீடு, சிமுலேட்டர் பயிற்சி, வழிகாட்டி வரைபடத் தரவுகளுக்கான சந்தா, பராமரிப்புக் காலக்கெடுக்களைக் கணினியில் கண்காணிக்கும் சேவை ஆகியவை விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம் மட்டுமே பறப்பவருக்கு, இந்தச் செலவுகளை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால், வேண்டும்போது வாடகை ஜெட்டை அழைத்துக்கொள்வதே மலிவாக முடியும். நூற்றைம்பது மணி நேரத்தை நெருங்கும்போதுதான் சொந்த விமானம் என்ற எண்ணத்துக்குக் கணக்கு ஓரளவு இடம் கொடுக்கத் தொடங்குகிறது என்பது என் கருத்து.

எங்கே போகப் போகிறீர்கள்?

கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் உண்மையாகச் சென்ற பயணங்களைத் தாளில் எழுதுங்கள். தூரம், உடன் வந்தவர் எண்ணிக்கை, பெட்டிகளின் எடை, இறங்கிய ஊரின் ஓடுதளம் ஆகிய நான்கும் போதும். ஆண்டுக்கு ஒருமுறை எட்டுப் பேர் குடும்பத்தோடு செல்லும் விடுமுறைப் பயணத்துக்காக விமானத்தின் அளவை முடிவு செய்பவர், மற்ற எல்லா நாளும் வெற்று இருக்கைகளுக்கு எரிபொருள் ஊற்றிக்கொண்டிருப்பார்.

சிறிய ஜெட்டுகளில் எல்லா இருக்கையையும் நிரப்பி, எரிபொருள் தொட்டியையும் நிரப்பிப் பறக்க முடியாது என்பது முதல்முறை வாங்குவோர் பலருக்கு வியப்பாக இருக்கும். செஸ்னா மஸ்டாங்கின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 8,645 பவுண்டு. தொட்டி நிறைய எரிபொருளுக்கே சுமார் 2,580 பவுண்டு போய்விடுகிறது. விமானத்தின் சொந்த எடையையும் விமானியின் எடையையும் கழித்த பிறகு, பெட்டிகளோடு இரண்டு மூன்று பெரியவர்களுக்குத்தான் இடம் மிஞ்சும். ஆகவே விற்பனைத் தாளில் அச்சிட்ட அதிகபட்சத் தூரத்தை நம்பாமல், உங்கள் ஆட்களின் எடையோடும் மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருள் இருப்போடும் அந்தக் குறிப்பிட்ட விமானம் எவ்வளவு தூரம் போகும் என்று விற்பவரிடம் கணக்குக் கேளுங்கள். ஒரே மாதிரியில் கட்டப்பட்ட இரண்டு விமானங்களுக்குள்ளேயே, பின்னால் சேர்த்த கருவிகளாலும் அலங்காரங்களாலும், வெற்று எடை நூறு, இருநூறு பவுண்டு வேறுபடுவது உண்டு.

கடல் மட்டத்தில் நன்றாக எழும் விமானம், டென்வர் அருகே 5,800 அடிக்கு மேல் உயரத்தில் உள்ள சென்டென்னியல் நிலையத்தில் கோடை நண்பகலில் எழுவதற்கு நெடுந்தொலைவு ஓட வேண்டியிருக்கும். மலைப்பகுதிக்கு அடிக்கடி செல்பவர் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். பெரும்பாலான பயணங்கள் முந்நூறு கடல் மைலுக்குள் முடிகின்றன என்றால் ஜெட்டே வேண்டாம். அந்தத் தூரத்தில், டர்பைன் இன்ஜினால் உந்துவிசிறியைச் சுழற்றிப் பறக்கும் டர்போபிராப் விமானம் பத்துப் பதினைந்து நிமிடம் பின்தங்கும், ஆனால் எரிபொருளில் பெரிதாக மிச்சப்படுத்தும்.

இன்ஜினை வாங்குகிறீர்கள், விமானம் உடன் வருகிறது

பழைய ஜெட்டின் மதிப்பில் பெரும்பங்கு அதன் இறக்கையிலோ இருக்கையிலோ இல்லை, இன்ஜினில் இருக்கிறது. பழைய சைட்டேஷன்களில் உள்ள பிராட் அண்ட் விட்னி கனடாவின் ஜேடி15டி இன்ஜினுக்குப் பொதுவாக 3,500 மணி நேரத்தில் முழு ஓவர்ஹாலும், அதன் பாதியான 1,750 மணி நேரத்தில், எரிபொருள் எரியும் உட்பாகங்களைத் திறந்து பார்க்கும் வெப்பப் பகுதிச் சோதனையும் உண்டு. இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு உதவும். ஒரு இன்ஜின் ஓவர்ஹாலுக்கு 3,50,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு இன்ஜினில் 100 டாலரும், இரண்டிலும் சேர்த்து 200 டாலரும் தேய்கின்றன. ஓவர்ஹாலுக்குப் பின் 3,300 மணி நேரம் ஓடிய விமானம் 5,00,000 டாலருக்கும், 1,200 மணி நேரம் மட்டுமே ஓடிய விமானம் 8,50,000 டாலருக்கும் கிடைக்கின்றன. முன்னதில் மீந்திருப்பது 200 மணி நேரம், அதாவது 40,000 டாலர் பெறுமான ஆயுள். பின்னதில் 2,300 மணி நேரம், அதாவது 4,60,000 டாலர் பெறுமானம். விலையில் 3,50,000 டாலர் மிச்சம் என்று மகிழ்ந்தவர், இன்ஜினில் 4,20,000 டாலரை விட்டுக்கொடுத்திருக்கிறார். மலிவாகத் தோன்றியதே விலை கூடியது.

ஓவர்ஹால் கால அளவு என்பது தயாரிப்பாளரின் பரிந்துரைதான், வாடகைக்கு விடாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு ஓட்டுபவர் அதைத் தாண்டலாம் என்று வாதிடும் தரகர்கள் உண்டு. அந்த வாதத்தை நம்பி வாங்கினால், நாளை விற்கும்போது அடுத்தவர் அதை ஏற்க மாட்டார். எப்படியும் எவராலும் தாண்ட முடியாத வரம்பு ஒன்று இருக்கிறது. இன்ஜினுக்குள் சுழலும் வட்டுகளுக்கு மணி நேரத்தால் அல்லாமல் சுழற்சிகளின் எண்ணிக்கையால் ஆயுள் விதிக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை இயக்கி, பறந்து, இறங்கி, அணைப்பது ஒரு சுழற்சி. குறுகிய பயணங்களே செய்துவந்த விமானத்தில் மணி நேரம் குறைவாகவும் சுழற்சி மிகுதியாகவும் இருக்கும். ஓவர்ஹாலுக்குத் திறந்ததும் வட்டுகளையும் மாற்ற நேர்ந்தால், மதிப்பீட்டுத் தொகை வேறொன்றாகிவிடும். ஆகவே எவ்வளவு மணி நேரம் என்று கேட்கும் இடத்திலெல்லாம் எத்தனை சுழற்சி என்றும் கேளுங்கள்.

இந்த அச்சத்தைப் போக்குவதற்காகவே இன்ஜின் பராமரிப்புத் திட்டங்கள் வந்தன. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தொகை கட்டிவந்தால், ஓவர்ஹால் வரும்போது திட்டம் செலவை ஏற்கும். வில்லியம்ஸ் நிறுவனத்துக்கு டாப், பிராட் அண்ட் விட்னி கனடாவுக்கு ஈஎஸ்பி, ஹனிவெல்லுக்கு எம்எஸ்பி எனத் தயாரிப்பாளர்களின் திட்டங்கள் உள்ளன. ஜேஎஸ்எஸ்ஐ போன்று, பல தயாரிப்பாளர்களின் இன்ஜின்களையும் ஏற்கும் தனித் திட்டமும் உண்டு. ‘திட்டத்தில் உள்ளது’ என்று விளம்பரம் சொன்னால் அதோடு நின்றுவிட வேண்டாம். எந்தப் படிநிலை, வெளியிலிருந்து உள்ளே போன பொருளால் வரும் சேதமும் அரிப்பும் அடங்குமா, ஆண்டுக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரத்துக்குக் கட்ட வேண்டும், நிலுவை ஏதும் உண்டா, உரிமை மாறும்போது கட்டணம் எவ்வளவு என்பவற்றைத் திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் பெற வேண்டும். திட்டத்தில் இல்லாத இன்ஜினைப் புதிதாகச் சேர்க்க விரும்பினால், இதுவரை ஓடிய மணி நேரத்துக்கான தொகையை மொத்தமாகக் கேட்பார்கள். கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு, திட்டத்தில் ஏற்கெனவே உள்ள விமானமே பாதுகாப்பானது என்று நினைக்கிறேன். அவரால் தாங்க முடியாதது மாதந்தோறும் வரும் செலவு அன்று, திடீரென்று ஒரே நாளில் வந்து நிற்கும் செலவுதான்.

சட்டத்தால் மலிவானவை

சில ஜெட்டுகள் வயதால் அல்லாமல் விதியால் மலிவாயின. லியர்ஜெட் 23, 24, 25 ஆகியவை வேகத்துக்குப் பெயர் பெற்றவை, பழைய டர்போஜெட் இன்ஜின்களின் இரைச்சலுக்கும் பெயர் பெற்றவை. 75,000 பவுண்டும் அதற்குக் குறைவான எடையும் உள்ள, மூன்றாம் நிலை இரைச்சல் வரம்புக்குள் வராத ஜெட்டுகள் 2015 டிசம்பர் 31-க்குப் பின் அமெரிக்க மைய நிலப்பரப்பில் பறக்கக் கூடாது என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. இரைச்சல் அடக்கும் மாற்றம் செய்யப்படாத அத்தகைய விமானம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, உயரம் பற்றிய விதி. 2005 ஜனவரி முதல் அமெரிக்காவில் 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே விமானங்களின் செங்குத்து இடைவெளி 2,000 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. அந்த அடுக்கில் பறக்க, உயரமானியும் ஆட்டோபைலட்டும் துல்லியம் நிரூபிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஆர்விஎஸ்எம் எனப்படும் இந்தத் தகுதி பெறாத பழைய சைட்டேஷன்கள் 28,000 அடியிலோ அதற்குக் கீழேயோதான் தவழ வேண்டும். அங்கே காற்று அடர்த்தி கூடுதல் என்பதால் எரிபொருள் வேகமாகக் கரையும், தூரம் சுருங்கும், புயல் மேகத்தைத் தாண்டி ஏறவும் முடியாது. மூன்றாவது, 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிகளில் கட்டாயமான, விமானத்தின் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி ஒலிபரப்புக் கருவி. இன்னும் அது இல்லாமல் ஒரு ஜெட் விற்பனைக்கு வருகிறதென்றால், அது 2020-க்குப் பிறகு ஒழுங்காகப் பறக்கவில்லை என்று பொருள். அந்த ஒரு குறையே மற்ற குறைகளுக்கும் சாட்சி சொல்லிவிடும்.

விமானி அறையின் திரைகளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பழைய கதிர்க்குழாய்த் திரைகளுக்கும் அக்காலத்து ஆட்டோபைலட்டுகளுக்கும் உதிரிப்பாகம் அரிதாகிவருகிறது. முந்தைய உரிமையாளர் கார்மின் நிறுவனத்தின் நவீனத் திரைகளும் வழிகாட்டிக் கருவிகளும் பொருத்தியிருந்தால், அவர் செலவிட்டதில் ஒரு பகுதியை மட்டுமே நீங்கள் விலையில் கொடுப்பீர்கள். பழைய விமானச் சந்தையில் வாங்குபவருக்குச் சாதகமான விஷயங்கள் சிலவே. இது அவற்றுள் ஒன்று.

எந்த மாதிரி?

சைட்டேஷன் 500, சைட்டேஷன் I ஆகியவை மிக மலிவானவை. 1971இல் சான்று பெற்ற இந்த நேர்இறக்கை ஜெட்டின் மெதுவான வேகத்தைக் கேலி செய்து பல பட்டப்பெயர்கள் சூட்டினார்கள். ஆனால் அந்த நேர்இறக்கைதான் குறுகிய ஓடுதளத்தில் இறங்கவும், புதிய விமானி தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளவும் இதற்குத் துணை செய்தது. 501 என்ற வகையை ஒரே விமானி ஓட்டலாம். டெக்சாஸின் சியரா நிறுவனம் வில்லியம்ஸ் இன்ஜின் மாற்றிப் பொருத்திய 500, 501 விமானங்கள் சந்தையில் வந்தால் தனியே கவனித்துப் பார்க்கத் தகுந்தவை.

1978இல் சான்று பெற்ற சைட்டேஷன் II அதன் பெரிய அண்ணன். கேபின் நீளம், சுமை கூடுதல், எரிபொருளும் கூடுதல். அதன் ஒற்றை விமானி வகையான 551-க்கு எடை வரம்பு 12,500 பவுண்டாகக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், பெரிய கேபின் இருந்தும் முழுதாகப் பயன்படுத்த முடியாமல் போகலாம். உதிரிப்பாகமும் பழகிய மெக்கானிக்குகளும் எங்கும் கிடைப்பது இந்தக் குடும்பம் முழுவதற்கும் உள்ள பெரிய பலம்.

பதினைந்து லட்சம் டாலரை ஒட்டிய பணத்தோடு வருபவருக்கு என் முதல் பரிந்துரை, 1992இல் சான்று பெற்ற சைட்டேஷன்ஜெட், அதாவது 525. சிக்கனமான வில்லியம்ஸ் எஃப்ஜே44 இன்ஜின்கள், ஒற்றை விமானிக்கான சான்று, சுமார் 380 நாட் (மணிக்கு 380 கடல் மைல்) வேகம், தொடர்ந்து வந்த சிஜே வரிசையால் உயிரோடு இருக்கும் உதிரிப்பாகச் சந்தை என எல்லாம் ஓரளவு சமநிலையில் அமைந்த விமானம் இது. இன்ஜின் திட்டத்தில் உள்ளதும் இல்லாததுமாக இரு விலைகளில் கிடைக்கும். இடையிலுள்ள வித்தியாசத்தை மேலே சொன்ன கணக்கில் வைத்துப் பாருங்கள்.

மஸ்டாங் 2006இல் சான்று பெற்று 2017 வரை கட்டப்பட்டது. கார்மின் ஜி1000 திரைகளோடு தொழிற்சாலையிலிருந்தே வந்ததால் பெரிய கருவி மாற்றம் தேவைப்படாது. வேகம் 340 நாட்டுக்குள் அடங்கிவிடும், கேபின் சிறியது. பெரும்பாலும் இருவர் மூவராகப் பறப்பவருக்கு இதைவிடத் தொல்லை குறைந்த ஜெட் அரிது. எக்லிப்ஸ் 500 இதைவிடச் சிறியது, எரிபொருள் சிக்கனத்தில் மிஞ்சுவது. ஆனால் சுமார் 260 விமானங்களோடு அதன் தயாரிப்பாளர் 2008 நவம்பரில் திவாலானார், பின்னர் வந்த நிறுவனமும் நிலைக்கவில்லை. தொடக்க காலத்தில் வெளியான விமானங்கள் பனிச்சூழலில் பறக்கும் அனுமதிகூட இல்லாமல் விற்கப்பட்டவை. இன்று வாங்குபவர், எந்தெந்த மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன என்பதைப் பதிவேட்டில் கண்ணால் பார்த்த பிறகே பேச்சைத் தொடர வேண்டும்.

பீச்ஜெட் 400ஏ அதே விலையில் கூடுதல் வேகமும் அகலமான கேபினும் தருவதாக ஆசை காட்டும். அதற்குப் பொதுவாக இரண்டு விமானிகள் வேண்டும், எரிபொருளும் நிறையக் குடிக்கும்.

பதிவேடும் துருவும்

முப்பது ஆண்டுப் பழைய விமானம் மொத்தம் 3,000 மணி நேரம்தான் பறந்திருக்கிறது என்றால் அது நற்செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. ஓடாமல் நின்ற விமானத்தில் ரப்பர் வளையங்கள் காயும், எரிபொருள் தொட்டியில் நுண்ணுயிர் வளரும், கடலோர ஊரில் நின்றிருந்தால் தரைத்தளத்துக்கு அடியிலும் கழிப்பறையைச் சுற்றியும் அரிப்பு பரவும். நாட்காட்டிப்படி வரும் சோதனைகள் விமானம் பறந்ததா என்று கேட்பதில்லை. ஆண்டுக்கு நூறு, நூற்றைம்பது மணி நேரம் ஒரே சீராகப் பறந்து, ஒரே பட்டறையில் பார்க்கப்பட்டு, ஹாங்கரில் நின்ற விமானத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

பழைய சைட்டேஷன்களில் ஐந்தாம் கட்டச் சோதனை எனப்படும் பெரிய சோதனை மூன்று ஆண்டுக்கொருமுறை அல்லது 1,200 மணி நேரத்துக்கொருமுறை வரும். அது அண்மையில் முடிந்ததா, அடுத்த மாதம் வரப்போகிறதா என்பதைப் பொறுத்து விலை மாற வேண்டும். பதிவேடுகள் முதல் நாளிலிருந்து தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு புத்தகம் காணாமல் போயிருந்தால், ஆயுள் வரம்புள்ள பாகங்களின் வயதை நிரூபிக்க வழியில்லாமல் அவற்றைப் புதிதாக மாற்றச் சொல்லக்கூடும். விபத்துக்குப் பின் பழுதுபார்க்கப்பட்டிருப்பது மட்டுமே தடையாகாது. அந்த வேலையை யார் செய்தார்கள், அனுமதிப் படிவம் உள்ளதா, அதற்குப் பின் எத்தனை ஆண்டு ஒழுங்காகப் பறந்தது என்பவைதான் தடையைத் தீர்மானிக்கும்.

விலை பேசி முடிந்ததும் விருப்பக் கடிதம் எழுதி, திரும்பப் பெறக்கூடிய முன்பணத்தை எஸ்க்ரோ நிறுவனத்திடம், அதாவது இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தைக் காத்துவைக்கும் மூன்றாம் நிறுவனத்திடம், வைப்பது வழக்கம். ஒருபோதும் விற்பவர் கையிலோ தரகர் கையிலோ கொடுக்க வேண்டாம். வாங்கும் முன் சோதனையை, அந்த மாதிரியில் பழக்கமுள்ள, ஆனால் இந்த விமானத்தை இதுவரை பராமரிக்காத பட்டறையில் செய்ய வேண்டும். தன் வேலையில் தானே குறை காணும் மெக்கானிக் அபூர்வம். இன்ஜினுக்குள் நுண்குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது, அரிப்புச் சோதனை, தரையிறங்கு சக்கர இயக்கம், கண்ணாடிகளின் நிலை, கேபின் அழுத்தக் கசிவு ஆகியவை பட்டியலில் இருக்க வேண்டும். பறக்கும் சோதனையில் உயரத்துக்கு ஏறி, இரண்டு இன்ஜின்களின் வெப்பநிலையையும் சுழற்சி வேகத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரே வேகத்தில் ஒன்று மற்றதைவிட மிகவும் சூடாக ஓடினால் காரணம் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறைகளை விற்பவர் தன் செலவில் சரிசெய்வார் என்றும், அதற்கு மறுத்தால் முன்பணம் திரும்பும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சோதனைக்குப் பல்லாயிரம் டாலர் செலவாகும். அதில் ஒரு மோசமான விமானத்தை விட்டு விலக முடிந்தால், அந்தச் செலவு வீணானதாக நினைக்க வேண்டாம்.

ஓட்டுபவரும் உரிமையும்

அமெரிக்காவில் எந்த ஜெட்டை ஓட்டவும் அந்த மாதிரிக்கென்று தனி உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் திறன் சோதனையும் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்க, உண்மையான வாயிற்காவலர் காப்பீட்டு நிறுவனம்தான். பிஸ்டன் இன்ஜின் கொண்ட சிறு விமானத்திலிருந்து நேராக ஜெட்டுக்கு வருபவர் அனுபவமிக்க விமானியோடு குறிப்பிட்ட மணி நேரம் பறக்க வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கும், வயது எழுபதைத் தாண்டியவருக்கு மறுக்கவும் செய்யும். விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, உங்கள் அனுபவக் கணக்கைக் கொடுத்துக் காப்பீட்டு மதிப்பீடு பெற்றுவிடுங்கள்.

உரிமைத் தேடல் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள கூட்டாட்சி விமானப் பதிவகத்தில் நடக்கிறது. அடமானம் ஏதும் தீர்க்கப்படாமல் உள்ளதா என்று அங்கே பார்ப்பதோடு, விமானங்களின் மேலுள்ள கடன் உரிமைகளைப் பதிய கேப் டவுன் உடன்படிக்கையின் கீழுள்ள பன்னாட்டுப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். சில மாநிலங்களில் கூலி பெறாத பட்டறைக்கு, எங்கும் பதிவாகாமலேயே விமானத்தின் மேல் உரிமை உண்டு என்பதால், கடைசிப் பட்டறையின் கணக்குத் தீர்ந்த சான்றையும் கேளுங்கள். அமெரிக்காவில் வாழும் நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்று: குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்தான் தன் பெயரில் விமானத்தைப் பதிவு செய்யலாம். வேலை விசாவில் இருப்பவர் அறக்கட்டளை ஏற்பாடு வழியாகத்தான் செல்ல வேண்டியிருக்கும். இந்தியாவுக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், இறக்குமதியாகும் பழைய விமானங்களின் வயது பற்றி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதித்துள்ள கட்டுப்பாடுகளை, விமானத்தைத் தேடத் தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டுத் தெளிய வேண்டும். இங்கே பேசிய மலிவான மாதிரிகளில் பல அந்த வாசலைத் தாண்டாமல் போகலாம்.

கையெழுத்தாகும் நாளில் பணம் எஸ்க்ரோவிலிருந்து நகர்வதற்கு முன், பதிவேட்டுப் புத்தகங்கள், இன்ஜின் ஏடுகள், கைந்நூல்கள், உதிரிச் சாவிகள், மூக்கு உறை, இழுவைத் தண்டு உட்பட ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணி, மூல ஏடுகளைப் பெட்டியில் பூட்டி உங்கள் கையிலேயே எடுத்துச் செல்லுங்கள். விமானத்தின் பின்பக்கச் சாமான் அறையில் போட்டு அனுப்ப வேண்டாம்.